'ஹோமியோ' என்னும் சொல்லும் கல்கத்தா மாநகரும்

நாம் வாழும் இந்நகரில் ஹோமியோபதி மருந்துக்கடையைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. எம்முடன் இருப்புப்பாதை அலுவலகத்தில் பணியாற்றும் வங்க நண்பர் பலர், மேசையறையிலேயே வெள்ளை உருண்டைக் குப்பி வைத்துள்ளனர். ஆயினும் அப்பெயரின் பொருள் கூறுவோர் சிலரே.

'ஹோமியோ' என்பது 'ஒத்தது' எனப் பொருள்படும் 'ஹோமோயோஸ்' என்ற கிரேக்கச் சொல்லினின்று வந்தது. வடமொழியின் 'சம' இதற்கு உறவுச்சொல். மனிதனைக் குறிக்கும் இலத்தீன் 'ஹோமோ' உறவன்று. 'பதி' என்பது துன்பத்தைக் குறிக்கும் 'பாதோஸ்' என்பதன் திரிபு. இப்பெயரைப் படைத்தவர் 1755-இல் பிறந்த ஜெர்மன் மருத்துவர் சாமுவேல் ஹானிமன். நலமுள்ளவரிடம் எக்குறிகளை ஒரு பொருள் தோற்றுவிக்குமோ, அக்குறிகளையுடைய நோயை அதுவே தீர்க்கும் என்பது அவர் கொள்கை. முள்ளை முள்ளால் எடுப்பது போலாம். ஏனைய மருத்துவத்திற்கு, 'வேறு' எனப் பொருள்படும் 'அல்லோ' சேர்த்து 'அலோபதி' என்று பெயரிட்டவரும் அவரே.

'ஒத்தது', 'வேறு' என்னும் இவ்விரு சொற்களிடையே நின்று இடருற்றவர் மகேந்திரலால் சர்க்கார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1863-இல் எம்.டி. பட்டம் பெற்ற அவர், முதலில் ஹோமியோபதியை வன்மையாக எதிர்த்தார். பின்னர் இராஜேந்திரலால் தத்தர் அம்முறையில் செய்த சிகிச்சைகளை நேரிற் கண்டு மனம் மாறினார். 1867-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் வங்கக் கிளையில் அதனை வெளிப்படையாக உரைத்தார். சங்கத்தார் அவரை விலக்கினர். நோயாளிகளின் வருகையும் குன்றியது. அவரோ தளரவில்லை. மறு ஆண்டே மருத்துவ இதழொன்று தொடங்கினார். 1885-இல் இராமகிருஷ்ண பரமஹம்சருக்குச் சிகிச்சை செய்தவரும் அவரே.

ஹோமியோபதி மருந்து நோய் தீர்ப்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை என்பதே இன்றைய அறிவியலாருட் பெரும்பாலோர் முடிவு. ஆனால் ஆராயாது எதனையும் ஏற்றலும் தள்ளலும் தகா என்ற சர்க்காரின் உறுதி வீண்போகவில்லை. இந்தியர் தாமே அறிவியல் ஆராயவேண்டுமென்று, பொதுமக்களிடம் பொருள் திரட்டி, 1876-இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார், 1904-இல் மறைந்தார்.

1907-இல் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த இளைஞரொருவர் கணக்குத்துறை அலுவலராக இந்நகருக்கு வந்தார். பௌபஜார்த் தெருவில் அக்கழகத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே சென்றார். சர்க்காரின் மைந்தர் அமிர்தலால் அவரை வரவேற்றார். அலுவல் போக எஞ்சிய காலையும் மாலையும் அவருக்கு ஆய்வுப் பொழுதாயின. அவரே சி. வி. இராமன். 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் இராமன் விளைவு அக்கழகத்திற் கண்டறியப்பட்டது. 1930-இல் நோபல் பரிசும் வந்தது.

தம் துறையினரால் விலக்கப்பட்ட வங்கர் ஒருவர் கட்டிய இல்லம், வேற்று மொழியினராய் வந்த தமிழரை வேறென்று எண்ணாது ஏற்றது. அலுவலின் பொருட்டு இங்கு வந்த நாமும் இதனை நன்றியுடன் நினைத்தல் கடனாகும்.