பூந்தமல்லிக்காரர் வைத்த பெயர்

பூந்தமல்லியை சென்னையின் கடைசி ஸ்டாப்பிங் மாதிரி பேசுபவர்களோடு எனக்கு ஒரு சின்னச் சண்டை உண்டு. சென்னை என்கிற பேரே இங்கேயிருந்துதானேப்பா போச்சு!

தாமர்ல சென்னப்ப நாயக்கர் விஜயநகரத்தின் அந்திமக் காலத்துத் தெலுங்குப் பிரபு. அவருடைய மகன்களில் வெங்கடப்பர் வந்தவாசியில் இருந்தார்; அவர் தம்பி அய்யப்பர் பூந்தமல்லியில் உட்கார்ந்து கடற்கரையைப் பார்த்துக்கொண்டார். இன்னொரு மகன் அங்கபூபாலன் கவிஞர். தெலுங்கில் 'உஷா பரிணயம்' எழுதி அப்பாவுக்கே சமர்ப்பித்தார். பழவேற்காட்டு டச்சுக்காரர்களும் மயிலாப்பூர் போர்த்துகீசியரும் அடித்துக்கொள்ளாமலிருக்க, இரண்டுக்கும் நடுவில் அய்யப்பர் தந்தையின் பெயரில் சென்னபட்டினம் அமைத்தார் என்று அதில் சொல்கிறார். சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து வந்த பெயர் என்போரும் உண்டு. நான் தம்பி பக்கம். குடும்பப் பெருமை கலந்திருக்கும், இருந்தாலும் வீட்டு ஆள் சொன்ன சாட்சி.

1639-ல் கம்பெனியின் பிரான்சிஸ் டேவுக்கு சாசனம் கொடுத்தது வெங்கடப்பர். நாம் ஆகஸ்ட் 22-ல் கொண்டாடுவது அதைத்தான். சும்மா கொடுத்துவிடவில்லை. சுங்கத்தில் பாதி அவருக்கு. பாரசீகக் குதிரைகள் வேண்டும். வங்காளத்திலிருந்து ராஜாளி, குரங்கு, கிளி எல்லாம் வேண்டும் என்று டேயின் குறிப்பு பட்டியல் போடுகிறது. கிளிக்கு ஆசைப்பட்டு ஊரைக் கொடுத்தார் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அதே குறிப்பில் இன்னொரு காரணமும் இருக்கிறது: பக்கத்து நாயக்கர்கள் சீண்டினால் தான் பத்திரமாக இருக்க ஒரு பலமான கோட்டை. பயந்த மனுஷன் போட்ட கணக்கு.

கணக்கு தப்பிவிட்டது. ஆபத்து வந்தது பக்கத்து நாயக்கரிடமிருந்து இல்லை. 1642-ல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் ஸ்ரீரங்கன், கோல்கொண்டாவோடு ரகசிய உறவு என்று சந்தேகப்பட்டு வெங்கடப்பரைச் சிறையில் போட்டான். அவரை மீட்க உறவுக்காரர்கள் படை திரட்டிய செய்தி கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் கடிதத்தில் இருக்கிறது. அவருக்காகக் கட்டியதாகச் சொன்ன கோட்டை, வேடிக்கை பார்த்துக் கடிதம் எழுதியது.

1645-ல் ஸ்ரீரங்கன் தானே ஆங்கிலேயருக்குப் புதுச் சாசனம் கொடுத்தான். ஊர்ப்பேரையும் மாற்றினான்: ஸ்ரீரங்கராயபட்டினம். யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. அடுத்த ஓரிரு வருஷத்தில் மீர் ஜும்லாவின் கோல்கொண்டா படை இந்தப் பக்கமெல்லாம் பிடித்துக்கொண்டது. பூந்தமல்லிக்கு வேறு எஜமானர்கள் வந்தார்கள். சென்னப்பர் பேர் மட்டும் ஜனங்கள் வாயில் தங்கி, 1996-ல் அரசாங்கக் காகிதத்துக்கும் ஏறியது.