காற்றுக்கு வலப்பக்கம்

கடல் நீரோட்ட வரைபடத்தில் எந்த அம்புக்குறியும் நேராக இருக்காது, கவனிச்சிருக்கீங்களா? அந்த வளைவுக்கான விடையில் பெரிய பங்கு, பனியில் வேண்டுமென்றே மாட்டிக்கொண்ட ஒரு கப்பலுக்கு உண்டு.

1881இல் ஜெனெட் என்ற அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்று வருஷம் கழித்து அதன் சாமான்கள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கிடைத்தன. சாமான் போகுமென்றால் கப்பலும் போகுமே என்றார் நார்வேக்காரர் நான்சென். பனி நெருக்கினால் மேலே எழும்பும்படி, உருண்டையான அடிப்பாகத்தோடு ஃபிராம் என்ற கப்பல் தயாரானது. 1893இல் உறைந்த கப்பல் 1896 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. பதிமூன்று பேரின் உயிர் அந்தப் பனியின் போக்கில் இருந்தது. அதனால் காற்றின் திசை, பனி நகரும் திசை இரண்டையும் விடாமல் குறித்தார்கள்.

இரண்டும் ஒத்துப்போகவில்லை. பனி காற்றுக்கு வலப்பக்கம் 20 முதல் 40 டிகிரி விலகிப் போனது. நான்சென் காரணத்தைப் பிடித்துவிட்டார்: பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் நகர்வதெல்லாம் வலப்பக்கம் விலகும். இதற்குப் பெயர் கொடுத்த கொரியோலி 1835இல் எழுதியது என்னவோ சுழலும் இயந்திரங்களைப் பற்றித்தான்!

நான்சென் இன்னொரு படி போனார். காற்று மேல் அடுக்கு நீரை இழுக்கிறது, அது கீழடுக்கை இழுக்கிறது. ஒவ்வொன்றும் தன்னை இழுத்ததைவிட இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பணும். நம்ம பாஷையில், ஒரு அடுக்கின் அவுட்புட் அடுத்ததன் இன்புட்.

கணக்குப் போட ஆள் வேண்டுமே. பியர்க்னெஸ் தன் மாணவர் எக்மனிடம் இதை ஒப்படைத்தார். 1902இல் விடை வந்தது: மேற்பரப்பு நீர் காற்றுக்கு 45 டிகிரி வலப்பக்கம், ஆழம் கூடக் கூட வேகம் குறைந்து திருப்பம் கூடும். எல்லா அடுக்கையும் கூட்டினால், நீர் மொத்தமாக நகர்வது காற்றுக்குச் செங்குத்தாக! நிஜக் கடலில் 45 அப்படியே வருவதில்லை, உராய்வு எல்லா ஆழத்திலும் ஒன்று என்று எக்மன் வைத்துக்கொண்டார். அந்த 90தான் முக்கியம்.

வட அட்லாண்டிக்கில் தெற்கே வணிகக் காற்று மேற்காகவும், வடக்கே மேலைக் காற்று கிழக்காகவும் வீசுகின்றன. இரண்டுக்கும் வலப்பக்கம் எது? கடலின் நடு. நீர் அங்கே சுமார் ஒரு மீட்டர் மேடாகக் குவிகிறது. மேட்டிலிருந்து வழியப் பார்க்கும் நீரும் வலப்பக்கம் திரும்புவதால், இறங்க முடியாமல் மேட்டையே கடிகாரத் திசையில் சுற்றிச் சுற்றி வருகிறது.