யார் மருத்துவர்? கல்லாற்றிலிருந்து ஒரு கேள்வி

2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட பத்மஸ்ரீ பட்டியலில், மருத்துவத்துக்காகத் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த இருவர் இடம்பெற்றனர். ஒருவர் வலிதணிப்பு மருத்துவத்தின் முன்னோடி எம்.ஆர். ராஜகோபால். மற்றவர், பொன்முடி செல்லும் வழியிலுள்ள கல்லாற்று வனத்தில் வாழ்ந்த காணி இனத்து வைத்தியர் லட்சுமிக்குட்டி. அதே ஆண்டு ஏப்ரலில், கேரளப் பரம்பரை வைத்தியர் அமைப்பு தொடுத்த வழக்கில், உரிய கல்வித்தகுதியும் பதிவும் இல்லாதோர் மருத்துவத் தொழில் செய்யவியலாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று மாத இடைவெளியில் அரசு ஒரு கையால் அளித்த அடையாளத்தை மறு கையால் சட்டம் மறுத்தது.

இம்முரணின் வேர் 1950களில் இருக்கிறது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951இல் தொடங்கப்பெற்றது. 1953இல் திருவிதாங்கூர்-கொச்சி மருத்துவத் தொழிலர் சட்டம் வந்தது. கல்லூரி மருத்துவரை உருவாக்கியது. சட்டம் அவரைப் பதிவேட்டில் நிறுத்தியது. ஏறத்தாழ அதே காலத்தில்தான், காட்டிலிருந்து பள்ளிக்குச் சென்று எட்டாம் வகுப்புவரை படித்த லட்சுமிக்குட்டி, பிரசவம் பார்த்துவந்த தம் தாயிடம் மருந்தறிவைப் பெற்றுக்கொண்டிருந்தார். பாம்புக்கடி உட்பட ஏறத்தாழ ஐந்நூறு மருந்துகளை அவர் நினைவிலேயே வைத்திருந்தார். 1995இல் கேரள அரசு அவருக்கு நாட்டு வைத்திய ரத்னா விருது வழங்கியது.

தமிழிலும் இப்பிளவின் தடம் உண்டு. 'மருத்துவர்' என்பதன் பெண்பாலாக அமைந்திருக்க வேண்டிய 'மருத்துவச்சி', பேற்றுக்கு உதவுபவளுக்கே உரிய பெயராகச் சுருங்கிவிட்டது. இன்று பட்டம் பெற்ற எந்தப் பெண்ணும் தம்மை அச்சொல்லால் குறிப்பிடார்.

கல்லூரி தருவது அறிவை மட்டுமன்று. 1950களில் அமெரிக்கக் கான்சாஸ் மருத்துவ மாணவர்களை ஹோவர்டு பெக்கரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 'பாய்ஸ் இன் ஒயிட்' (1961) நூலை எழுதினர். உயர்ந்த இலட்சியங்களோடு வரும் மாணவர், ஆசிரியர் எதைக் கேட்பார் என்பதைக் கணிப்பவராக விரைவில் மாறுகிறார் என்பது அதன் முக்கியக் கண்டறிதல். நம் விடுதிகளை அறிந்தோர்க்கு இது புதிதன்று. மூத்தோர் முன் அஞ்சுதலும், நோயாளியைப் படுக்கை எண்ணால் குறித்தலும் எந்தப் பாடநூலிலும் இல்லை. எனினும் எல்லோரும் கற்றுவிடுகின்றனர்.

ராஜகோபால் இதனால்தான் முக்கியமானவர். இதே நகரின் மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவர், நோயை மட்டும் நோக்கி வேதனையைக் காணாத பயிற்சியை உள்ளிருந்தே விமர்சித்தார். 1993இல் கோழிக்கோட்டில் வலிதணிப்பு இயக்கத்தையும், 2003இல் பேலியம் இந்தியாவையும் தொடங்கியவர்களுள் ஒருவர் அவர். 2019இல் இந்திய மருத்துவக் குழுமம் மனப்பாங்கு, அறம், தொடர்பாடல் ஆகியவற்றை எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் முறையாகச் சேர்த்தது. தானே வரும் என்று அதுவரை விடப்பட்டவை அவை.

தீர்ப்பைக் குறைகூறுவது என் நோக்கமன்று. போலி மருத்துவத்தால் உயிரிழப்போர் ஏழைகளே. ஆனால் பதிவேடு காக்கும் எல்லைக்கு வெளியே என்ன நிகழ்கிறது என்பதும் வரலாற்றின் பகுதியே. கல்லாற்றில் அவர் குடியிருப்புக்குச் சாலை அமைக்க 1952இல் ஒப்புதல் கிடைத்தது. பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோதும் அந்தச் சாலை போடப்படவில்லை.