பேணும் செலவு
ஜெர்மானிய, ஜப்பானிய உயர்தர மோட்டார் வண்டிகள்: ஒரு வரலாற்று நோக்கு

மோட்டார் வண்டியின் வரலாறு கூறுவோர் 1886-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 29-ஆம் நாளிலிருந்து தொடங்குவது வழக்கம். கார்ல் பென்ஸ் என்பார் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கோரிய நாள் அது. ஆனால் வண்டியைப் பேணும் செலவின் வரலாற்றை எழுதப் புகுவோர் இரண்டாண்டுகள் கழித்தே தொடங்கவேண்டும். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பென்ஸின் மனைவி பெர்த்தா அம்மையார், கணவரிடம் சொல்லாமலே அவ்வண்டியை எடுத்துக்கொண்டு, தம் புதல்வர் இருவருடன் மன்ஹைம் நகரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தொலைவிலுள்ள தம் பிறந்தகமாகிய போர்ட்ஸ்ஹைம் சென்றார். வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லாக் என்னும் ஊரில் மருந்துக் கடையொன்றில் லிக்ரோயின் என்னும் திரவத்தை விலைக்கு வாங்கி ஊற்றினார். எரிபொருட் குழாய் அடைத்துக்கொண்டது; தொப்பியில் குத்தும் ஊசியால் குத்தித் திறந்தார். தடைக்கட்டைகள் தேய்ந்தன, செம்மான் ஒருவரை அழைத்துத் தோல் தைத்து ஒட்டச் செய்தார். எரிபொருள் விலை, அடைப்பு நீக்கும் வேலை, தேய்ந்த உறுப்பை மாற்றும் கூலி என இன்று மோட்டார் வைத்திருப்போர் கொடுக்கும் பட்டியலின் தலைப்புகளுள் பெரும்பாலானவை அந்த முதற் பயணத்திலேயே எழுதப்பட்டுவிட்டன.

அதே மன்ஹைம் நகருக்கு இவ்வரலாற்றில் இன்னொரு பங்கும் உண்டு. 1865-இல் அங்குள்ள மதுவடிசாலை ஒன்றில் நீராவிக் கொதிகலம் வெடித்தது. அதன் விளைவாக மறு ஆண்டிலேயே கொதிகல உடைமையாளர் கூடிச் சோதனைச் சங்கம் ஒன்றை நிறுவினர். இன்று ஜெர்மனியில் வண்டிகளைச் சோதித்து முத்திரையிடும் ‘டூவ்’ நிறுவனங்கள் இத்தகைய சங்கங்களின் வழித்தோன்றல்களே. குறித்த காலத்துக்கு ஒருமுறை மோட்டார் வண்டிகளைச் சோதனைக்கு விடவேண்டும் என்பது ஜெர்மனியில் 1951-இல் கட்டாயமாயிற்று. ஜப்பானில் ‘ஷாக்கென்’ எனப்படும் சோதனைக்கு அடிப்படையாகிய சட்டமும் அதே 1951-இல் பிறந்தது. போரில் தோற்ற இரு நாடுகள் ஒரே ஆண்டில் ஒரே வகையான கட்டுப்பாட்டை மேற்கொண்டமை கருதத்தக்கது.

இங்ஙனம் தொடக்கம் ஒத்திருந்தும், இந்நாளில் மக்கள் வாக்கு வேறாக இருக்கிறது. ஜெர்மானிய வண்டியை வாங்குவது யானையைக் கட்டித் தீனி போடுவது போன்றது என்றும், ஜப்பானிய வண்டியோ கறவைப் பசுபோலச் செலவின்றி உழைக்கும் என்றும் பலரும் கூறுவர். இதனை அவ்விரு நாட்டு மக்களின் இயல்பாகவே கருதிவிடுவாரும் உளர். அது வரலாற்றுக்கு ஒவ்வாத முடிபு. இவ்வாக்கு உயர்தர வண்டிகளைப் பொறுத்தவரையில் 1989-க்கு முன் பிறந்திருக்க இயலாது. ஏனெனில் அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை ஜெர்மானியரோடு அத்துறையில் உலகச் சந்தையில் போட்டியிடும் ஜப்பானிய வண்டியே இல்லை.

முதலில் ஜெர்மானியர் பக்கத்தைக் காண்போம். 1976 முதல் 1985 வரை மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் டபிள்யூ 123 என்னும் வகை வண்டிகளை ஏறத்தாழ 27 இலட்சம் கட்டியது. அவற்றுள் டீசல் வண்டிகள் ஜெர்மனியிலும் பிற நாடுகளிலும் வாடகைக் கார்களாக ஓடின. வாடகைக்கு ஓட்டுபவன் ஆடம்பரத்துக்காக வண்டி வாங்குவதில்லை. ஒவ்வொரு காசையும் எண்ணித்தான் வாங்குவான். அவ்வண்டியின் எஞ்சின் மூடி ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நிமிர்ந்து நிற்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. பழுது பார்ப்பவன் குனிந்து முதுகொடியாமல் வேலை செய்யவேண்டும் என்று அதனை வரைந்தவர் எண்ணியிருக்கிறார் என்பது அதனால் விளங்கும். எண்ணெய் மாற்றவேண்டும், வால்வுகளின் இடைவெளியைத் திருத்தவேண்டும் என்று அடிக்கடி பட்டறைக்குப் போகவேண்டியிருந்தது உண்மையே. ஆயினும் அச்செலவு சிறிது, முன்கூட்டித் தெரிந்தது. டபிள்யூ 123-க்கு முந்திய வகையைச் சேர்ந்த 240 டி வண்டி ஒன்றைக் கிரேக்க நாட்டு வாடகை ஓட்டுநர் ஒருவர் 46 இலட்சம் கிலோமீட்டர் ஓட்டி, 2004-இல் அதனை மெர்சிடிஸ் காட்சிச்சாலைக்கே கொடுத்துவிட்டார். இடையில் எஞ்சின்கள் பலமுறை மாற்றப்பட்டன எனினும், வண்டி நிலைத்தது. இத்தகைய வண்டியைச் செலவு மிக்க யானை என்று எவரும் அந்நாளில் கூறியிரார்.

ஜப்பானியர் கதையோ தறியில் தொடங்குகிறது. சாகிச்சி டொயோடா என்பார் அமைத்துத் தந்த, 1924-இல் நிறைவுற்ற தானியங்கித் தறியில் ஒரு சிறப்பு இருந்தது. நூல் அறுந்தால் நெய்வோன் கண் அதனைக் காணும் முன்பே தறி தானாக நின்றுவிடும். பழுதான துணியை நெய்து முடித்துப் பின்னர்ப் பிரித்துக் கட்டுவதைவிட, பழுது தோன்றிய இடத்திலேயே நிறுத்துவது சிக்கனம் என்பதே அதன் தத்துவம். 1929-இல் அதன் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் என்னும் நிறுவனம் வாங்கிற்று. சாகிச்சியின் மகன் கீச்சிரோ மோட்டார்த் தொழிலில் இறங்க, 1937-இல் டொயோட்டா மோட்டார்க் கம்பெனி தனியாக நிறுவப்பட்டது. தறியின் தத்துவமும் உடன் சென்றது. தொழிற்சாலையில் எந்தத் தொழிலாளியும் குற்றங் கண்டால் கயிற்றை இழுத்து வேலை வரிசையையே நிறுத்தலாம் என்பது அங்கு வழக்காயிற்று.

இதனால் ஜப்பானியர் முதல் நாளிலிருந்தே குற்றமற்ற வண்டி கட்டினர் என்று எண்ணிவிடலாகாது. 1957-இல் டொயோட்டா தன் ‘டொயோபெட் கிரவுன்’ என்னும் வண்டியை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றது. ஜப்பானின் கரடுமுரடான சாலைகளில் மெல்லச் செல்வதற்கு அமைந்த அவ்வண்டி அமெரிக்க நெடுஞ்சாலை வேகத்தில் கொதித்தது, நடுங்கியது. 1958-ஆம் ஆண்டு முழுமையும் விற்றவை 287 கிரவுன் வண்டிகளே. 1960-இல் அதன் ஏற்றுமதியை நிறுத்திக்கொண்டனர். ஒரு நாட்டு மக்களின் பிறவிக்குணமே வண்டியின் தரத்தை முடிவு செய்யுமாயின், இத்தோல்விக்கு விடை கூறுதல் அரிது.

உயர்தர வண்டியை ஜப்பானியர் கட்டத் துணிந்ததற்குப் பொறியியலை விட அரசியலே முதற் காரணம் எனலாம். அமெரிக்க அரசின் வற்புறுத்தலால் 1981-இல் ஜப்பான், ஆண்டுக்கு 16 இலட்சத்து 80 ஆயிரம் கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று தானே வரம்பிட்டுக்கொண்டது. எண்ணிக்கை கூடாதென்றால் ஒவ்வொரு வண்டியிலும் கிடைக்கும் ஆதாயத்தைக் கூட்டவேண்டுமன்றோ? 1983-இல் டொயோட்டாவின் தலைவர் ஐஜி டொயோடா, உலகின் எந்த வண்டிக்கும் ஈடாகும் ஒன்றைக் கட்டும்படி பணித்தார். ஹோண்டா 1986-இல் அகூரா என்ற பெயரில் முந்திக்கொண்டது. டொயோட்டாவின் லெக்சஸ் எல்.எஸ். 400-உம், நிசானின் இன்பினிட்டி கியூ 45-உம் 1989-இல் விற்பனைக்கு வந்தன. லெக்சஸின் தொடக்க விலை 35,000 டாலர். அதற்கு எதிராக நின்ற மெர்சிடிஸ் எஸ் வகுப்பு வண்டி அமெரிக்காவில் 60,000 டாலர் அளவில் விற்றது.

விற்பனை தொடங்கிச் சில திங்களில், அதே ஆண்டு டிசம்பரில், ஒரு சோதனை வந்தது. உடைமையாளர் இருவரின் முறையீட்டைத் தொடர்ந்து, அதுவரை விற்ற ஏறத்தாழ 8,000 வண்டிகளையும் கம்பெனி திரும்ப அழைத்தது. ஆட்களே வீடு தேடிச் சென்று வண்டியை எடுத்து வந்து, பழுது நீக்கி, திருப்பிக் கொண்டுபோய் விட்டனர். விற்பனையகம் அருகில் இல்லாத ஊர்களுக்கு விமானத்தில் ஆளனுப்பி, அங்கே பட்டறையை வாடகைக்குப் பிடித்து வேலையை முடித்தனர். இருபது நாளில் எல்லாம் முடிந்தது. ஜப்பானிய உயர்தர வண்டிக்குச் செலவில்லை என்ற நம்பிக்கை அமெரிக்காவில் வேரூன்றியதற்கு, பழுதே இல்லாமையைவிட, அப்பழுது நடத்தப்பட்ட முறை பெரிதும் துணைசெய்தது என்று கொள்வது பொருந்தும்.

அவ்வண்டியும் முற்றிலும் செலவற்றதன்று. அதன் எஞ்சினில் வால்வுகளை இயக்குவது ‘டைமிங் பெல்ட்’ எனப்படும் ரப்பர் வார். தொடக்க கால வண்டிகளில் 60,000 மைலுக்கு ஒருமுறை அதனை மாற்ற வேண்டும் என்பது விதி. மெர்சிடிஸ் வண்டியிலோ அதற்குப் பதில் உலோகச் சங்கிலி. அதனை மாற்றக் காலக்கெடு விதிக்கப்படவில்லை. லெக்சஸில் எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினின் இரு கைகளுக்கும் நடுவே, மேலுள்ள காற்றுக்குழாய்த் தொகுதிக்கு அடியில் பொதிந்திருந்தது. அது கெட்டால் உறுப்பின் விலை சிறிது, கழற்றி மாட்டும் கூலி பெரிது. இத்தகைய இடங்களில் ஜப்பானியரின் வரைபடம் பழுது பார்ப்பவனை நினைத்ததாகத் தோன்றவில்லை.

வேறுபாட்டின் வேர் வேறிடத்தில் இருந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர் 1990-இல் வெளியிட்ட நூலொன்று, ஜெர்மனியிலுள்ள உயர்தர வண்டித் தொழிற்சாலை ஒன்றைப் பற்றிக் கூறுவது இதனை விளக்கும். அங்கே வண்டியைப் பூட்டும் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு, கட்டி முடித்த வண்டியின் குறைகளைத் தேடித் திருத்துவதிலேயே கழிந்தது. வெள்ளங்கி அணிந்த கைவல்லோர் பலர் அவ்வேலையில் இருந்தனர். அவ்வளவு உழைப்பைக் கொண்டு ஜப்பானியத் தொழிற்சாலை ஒரு வண்டியையே குறையின்றிக் கட்டி முடித்துவிடும். தறி நின்ற கதையை இங்கே நினைவு கூர்க. வண்டி எளியதாக இருந்தவரை வெள்ளங்கியாரின் திருத்தம் போதியதாயிற்று. வண்டிக்குள் மின்கருவிகள் பெருகிய பின், கண்ணுக்குப் புலப்படாத குறைகளை அவர்களால் பிடிக்க இயலவில்லை.

1990-களில் நடந்தது அதுதான். அப்பத்தாண்டின் முற்பாதியில் கட்டிய பல மெர்சிடிஸ் வண்டிகளில், சுற்றுப்புறத்துக்குக் கேடில்லாத பொருள் என்று கருதி மின்கம்பிகளுக்கு இட்ட உறை எஞ்சின் சூட்டில் சில ஆண்டுகளிலேயே பொடிந்து உதிர்ந்தது. 1995-இல் வந்த இ வகுப்பு வண்டிகளைத் துரு தின்றது. பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் எட்டு உருளை எஞ்சின்களில் நிக்கல் கலந்த உட்பூச்சு, கந்தகம் மிகுந்த பெட்ரோலால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அரிக்கப்பட்டது. 2004-இல் மின்விசைத் தடைக் கருவிக்காக 6,80,000 மெர்சிடிஸ் வண்டிகளும், 2005-இல் பல குறைகளுக்காக 13 இலட்சம் வண்டிகளும் திரும்ப அழைக்கப்பட்டன. கிரேக்க ஓட்டுநர் தம் பழைய வண்டியைக் காட்சிச்சாலைக்குக் கொடுத்த அதே காலம் இது.

இதனோடு இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. அதனைப் பலர் கவனிப்பதில்லை. 1990-களின் பிற்பகுதியில் பி.எம்.டபிள்யூ அமெரிக்காவில் தொடக்க ஆண்டுகளின் பராமரிப்பை வண்டி விலையோடு சேர்த்துவிட்டது. அதே காலத்தில் எண்ணெய் மாற்றும் இடைவெளி 15,000 மைல் அளவுக்கு நீண்டது. கியர்ப்பெட்டிக்கு ‘வாழ்நாள் எண்ணெய்’, அதாவது மாற்றவே வேண்டாத எண்ணெய், என்றும் கூறப்பட்டது. எவருடைய வாழ்நாள் என்பதுதான் கேள்வி. அக்கியர்ப்பெட்டிகளைச் செய்து கொடுத்த இசட்.எஃப். நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றுவது நலம் என்கிறது. முதலில் வாங்கியவர் மூன்று நான்கு ஆண்டு குத்தகையில் ஓட்டித் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அவருக்குச் செலவே இல்லை. மாற்றாத எண்ணெயின் விலையை, அவ்வண்டியைப் பாதி விலைக்கு வாங்கி மகிழ்ந்த மூன்றாமவர் கியர்ப்பெட்டியாகக் கொடுக்கிறார். ஜெர்மானிய வண்டிக்குப் பேணும் செலவு மிகுதி என்று வருந்துவோருள் பெரும்பாலோர் அதனைப் புதிதாக வாங்கியோர் அல்லர் என்பதற்கு இதுவே காரணம்.

செலவைக் கணக்கிட்டுக் காட்டியோரும் உண்டு. 2016-இல் அமெரிக்காவின் ‘யுவர்மெக்கானிக்’ என்னும் பழுதுபார்ப்பு நிறுவனம், தான் வேலை செய்த வண்டிகளைக் கொண்டு பத்தாண்டுச் செலவை மதிப்பிட்டது. பி.எம்.டபிள்யூ 17,800 டாலர், மெர்சிடிஸ் 12,900, ஆடி 12,400 என வந்தன. ஜப்பானியரில் அகூரா 9,800, இன்பினிட்டி 9,300, லெக்சஸ் 7,000. ஏறக்குறைய இரண்டரை மடங்கு வேறுபாடு உச்சத்துக்கும் அடிக்கும் இடையே உள்ளது. ஆயினும் ஜெர்மானியருக்குள்ளேயே ஐயாயிரம் டாலர் இடைவெளி இருப்பதையும், மெர்சிடிஸுக்கும் அகூராவுக்கும் உள்ள வேறுபாடு அதனினும் குறைவு என்பதையும் இப்பட்டியலை எடுத்துக்காட்டுவோர் விட்டுவிடுகின்றனர்.

லெக்சஸ் தாழ்ந்து நிற்பதற்குத் தரம் மட்டுமே காரணமன்று. அதன் இ.எஸ். வகை, டொயோட்டா கேம்ரியை அடியொற்றிக் கட்டியது. எல்.எஸ். வண்டியின் எட்டு உருளை எஞ்சின் ஜப்பானில் கிரவுன் வண்டியிலும் இருந்தது. எல்.எஸ். வண்டியே தன் நாட்டில் 2006 வரையில் டொயோட்டா செல்சியோர் என்ற பெயரில்தான் விற்றது. பல வண்டிகளுக்குப் பொதுவான உறுப்பு மலிவாகக் கிடைக்கும். பழகிய கைகளும் மிகுதியாக இருக்கும். மிகப் பழைய வண்டிகளைப் பொறுத்தவரை நிலை தலைகீழாகும். மெர்சிடிஸ் 1993-லேயே ஃபெல்பாக் நகரில் பழைய வண்டிகளுக்கெனத் தனி நிலையம் அமைத்து உதிரி உறுப்புகளைத் தந்து வருகிறது. டொயோட்டா பழைய சுப்ரா வண்டிகளின் உறுப்புகளை மீண்டும் செய்துதரும் திட்டத்தை 2019-இல்தான் அறிவித்தது.

சிங்கப்பூரில் இக்கணக்கு மேலும் திரிந்துபோகிறது. 1990-இல் வண்டி ஒதுக்கீட்டு முறை வந்தபின், உரிமைச் சான்றிதழ் பத்தாண்டுக்கே செல்லும். அதன் விலை வண்டியின் விலையோடு போட்டியிடும்போது, பத்தாம் ஆண்டில் வண்டியைக் கழித்துவிடுவோர் பலர். வண்டி முதுமையடைந்து செலவு வைக்கும் காலம் அங்கே பெரும்பாலும் வருவதேயில்லை.

ஜப்பானியர் பெற்ற பெயரும் அசையாததன்று. 2009, 2010 ஆண்டுகளில், முடுக்கிக் கட்டை சிக்கிக்கொள்ளும் குறைக்காக டொயோட்டா பல இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, லெக்சஸ் இ.எஸ். 350-உம் அவற்றுள் ஒன்று. பின்னர் லெக்சஸ் எல்.எக்ஸ். வகையில், நீண்டகாலம் பழகித் தேர்ந்த எட்டு உருளை எஞ்சினை நீக்கிவிட்டு, இரட்டை டர்போ பொருத்திய ஆறு உருளை எஞ்சினை வைத்தனர். 2024-ஆம் ஆண்டு மே திங்களில் அந்த எஞ்சினுடைய டன்ட்ரா, எல்.எக்ஸ். 600 வண்டிகள் ஏறத்தாழ 1,02,000 அமெரிக்காவில் திரும்ப அழைக்கப்பட்டன. கடைசல் வேலையின்போது உதிர்ந்த உலோகத் துகள் எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிட்டது என்பது காரணம். கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்த எவர் கண்ணிலும் அத்துகள் படவில்லை. துகளைத் துடைத்தெடுக்க வழியின்றி, கம்பெனி தன் செலவிலேயே எஞ்சின்களை முழுமையாக மாற்றித் தர முன்வந்தது.