பின்னத்தின் கீழ்ப்பாதி: காஞ்சிபுரம் தறிப் பிள்ளைகளும் அவர்களுக்கான சிறிய பள்ளிகளும்

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடு ஒரு பின்னத்தைப் பற்றியது. பயப்படாதீங்க, கணக்கு வாத்தியார் வேலை பார்க்கப் போறதில்லை. சின்ன வகுப்புல படிச்சது ஞாபகம் இருக்கும்: கோட்டுக்கு மேலே இருக்கிறது தொகுதி, கீழே இருக்கிறது பகுதி. ஒரு பள்ளியோட தேர்ச்சி விகிதம்னு நாம படிக்கிறதும் இப்படி ஒரு பின்னம்தான். மேலே தேர்ச்சி பெற்றவர்கள், கீழே தேர்வு எழுதியவர்கள். எல்லோரும் மேலே இருக்கிற எண்ணையே பார்க்கிறோம். கீழே யாரைச் சேர்த்தாங்க, யாரைச் சேர்க்கவே இல்லைன்னு கேட்கிறது குறைவு. காஞ்சிபுரம் பக்கத்துக் கல்வி வரலாற்றை இந்தக் கேள்வியோடு படிச்சா, பல விஷயங்கள் வேற மாதிரி தெரிய ஆரம்பிக்குது.

25 பங்கில் ஒரு பங்கு

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல கூரம்னு ஒரு ஊர். ராமானுஜரின் சீடர் கூரத்தாழ்வானின் ஊர் என்றால் வைணவர்களுக்கு உடனே தெரியும். வரலாறு படிக்கிறவங்களுக்கு அது செப்பேட்டு ஊர். 7-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் கூரத்தில் ஒரு சிவன் கோயிலுக்கும், அதைச் சார்ந்தவர்களுக்கும் பரமேசுவரமங்கலம் என்ற ஊரைத் தானமாகக் கொடுத்ததை அந்தச் செப்பேடு சொல்லுது.

அந்தத் தானத்தை 25 பங்காகப் பிரிக்கிறாங்க. 3 பங்கு கோயில் பூசைக்கும் பழுதுபார்க்கவும். 1 பங்கு மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் தர. 1 பங்கு அந்த மண்டபத்தில் பாரதம் வாசிக்க. மீதி 20 பங்கு, நான்கு வேதம் கற்ற 20 பிராமணர்களுக்கு.

இதை ஒரு கல்வி பட்ஜெட்டாகப் பாருங்க. வேதம் கற்றவர்களுக்கு 20 பங்கு. மண்டபத்துல உட்கார்ந்து காதால கேட்கிறவங்களுக்காக 1 பங்கு. 1,300 வருஷத்துக்கு முன்னாடி ஒரு சமூகம் படிப்புக்கு நிலம் ஒதுக்கியிருக்கு என்பது பெரிய விஷயம்தான், அதை மறுக்கல. ஆனா அந்தத் தானத்துக்குள் யார் வந்தாங்க என்பதும் அதே செப்பேட்டில்தான் இருக்கு. நிலத்தை உழுதவங்களுடைய பிள்ளைகளின் படிப்புக்கு என்று அந்த 25 பங்கில் ஒன்றும் இல்லை.

மன்றோ போட்ட கணக்கு

இப்போ ஒரே தாவாக 1822-க்கு வருவோம். மதராஸ் மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் ஒரு உத்தரவு போடுறார்: உங்க மாவட்டத்தில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், எந்தெந்தச் சாதி, எத்தனை பெண்கள், பட்டியல் அனுப்புங்க. காஞ்சிபுரம் அப்போ செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது, அங்கிருந்தும் பட்டியல் போனது. பின்னாளில் காந்தியவாதி தரம்பால் இந்த அறிக்கைகளைத் திரட்டி 1983-ல் புத்தகமாகப் போட்டார்.

மொத்தக் கணக்கு இது: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். வகுத்துப் பாருங்க, ஒரு பள்ளிக்கு 15 பேர். நம்ம திண்ணைப் பள்ளிக்கூடம்தான். இன்னைக்கு 15 பிள்ளைகள் இருக்கிற அரசுப் பள்ளியைப் பார்த்தா, "இதை எதுக்கு நடத்தணும், பக்கத்துப் பள்ளியோட சேர்த்துடலாமே" என்கிறோம். 200 வருஷத்துக்கு முன்னாடி அதுதான் சராசரிப் பள்ளி.

தரம்பால் எடுத்துக்காட்டின முக்கியமான விஷயம் ஒண்ணு உண்டு. தமிழ் பேசும் மாவட்டங்களில், அந்தப் பட்டியல்கள் 'சூத்திரர்', 'மற்ற சாதியார்' என்று குறிப்பிட்ட மாணவர்கள்தான் பெரும்பான்மை, சுமார் 70 முதல் 84 சதவீதம் வரை. பழைய பள்ளி முழுக்க மேல்சாதிக்கு மட்டுமே என்ற எண்ணத்தை இது அசைக்குது. ஆனா அதே பட்டியலில் பெண் குழந்தைகள் 4,540 பேர்தான், நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சமூகங்களுக்கு அதில் தனிக் கட்டமே கிடையாது. அவங்களுக்காகவே தனியா சிறிய பள்ளிகளைத் திறக்க வேண்டிய நிலை அந்த நூற்றாண்டின் கடைசி வரை இருந்தது. 1894-ல் சென்னை அடையாறு பகுதியில் கர்னல் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளி அப்படி வந்ததுதான்.

மன்றோவிடம் எனக்குப் பிடிச்சது வேற. 1826-ல் எழுதின குறிப்பில், படிக்கிறவங்க எண்ணிக்கையோட அவர் நிறுத்தல. 5 முதல் 10 வயது வரையுள்ள பையன்கள் மொத்தம் எத்தனை பேர் இருப்பாங்கன்னு மக்கள்தொகையிலிருந்து மதிப்பிட்டு, அதைக் கோட்டுக்குக் கீழே போட்டார். பள்ளிக்குப் போறவங்க நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், வீட்டில் படிக்கிறவங்களையும் சேர்த்தா மூன்றில் ஒரு பங்கு பக்கம் வரும் என்றார். பள்ளிக்கு வராத பையனையும் கணக்கில் எடுத்தார். (பெண் குழந்தைகளை அந்தப் பகுதியில் அவர் சேர்க்கல என்பதையும் சொல்லிடணும்.)

வராததுக்குக் காரணம்? பல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823-ல் எழுதின அறிக்கையில் பதில் இருக்கு. ஐரோப்பியத் துணி வந்து உள்ளூர்த் துணி உற்பத்தியை நம்பியிருந்தவங்க நொடிஞ்சு போனாங்க. ஏழைக் குடும்பங்களால் படிப்புச் செலவைத் தாங்க முடியல. கை கால் கொஞ்சம் அசைக்கத் தெரிந்த வயசிலேயே பிள்ளையின் உழைப்பு வீட்டுக்குத் தேவைப்படுது. இதுதான் அவர் சொன்னதன் சாரம். பல்லாரி இங்கிருந்து தூரம். ஆனா அந்தக் கடைசி வரியைக் காஞ்சிபுரத்துத் தறியில் உட்கார்ந்தே எழுதியிருக்கலாம்.

மூணாவது நாடா

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், இரண்டு கரையும் வேற நிறம். இப்படி நெய்ய மூணு நாடா வேணும்: உடலுக்கு ஒண்ணு, கரைக்கு ஒவ்வொண்ணு. நெசவாளர் ஒருத்தரே மூணையும் வீச முடியாது. பக்கத்துல உட்கார்ந்து ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ள ஒரு துணையாள் வேணும். பெரிய ஆளை வெச்சா கூலி கட்டுப்படி ஆகாது. அதனால அந்த இடத்தில் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்தது ஒரு குழந்தை.

சொந்தப் பிள்ளை இல்லாத வீட்டில், தறி இல்லாத வீட்டுப் பிள்ளை. அவங்க அப்பா அம்மா ஒரு முன்பணம் வாங்குவாங்க, கல்யாணச் செலவுக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ. கடன் அடையும் வரை பிள்ளை தறியை விட்டுப் போக முடியாது. கூலியோ சொற்பம், கடன் எப்போ அடையும்? கொத்தடிமை முறை 1976-லேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆனா அந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை: குடும்பத்தோட உதவியில் நடக்கிற பட்டறைக்கு விலக்கு. தறி இருப்பதோ வீட்டுக்குள்ளே. "இவன் என் அக்கா பையன்" என்று ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சது. 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது.

அந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தையும் குறைக்கல. ஏன்னா எந்தப் பள்ளியின் பகுதியிலும் அவங்க இல்லை.

சிறப்புப் பள்ளி

1988-ல் மத்திய அரசு தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தைத் தொடங்கியது. 1996 டிசம்பரில் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு அது வேகம் பிடிச்சது. ஆபத்தான தொழிலில் பிள்ளையை வேலைக்கு வைத்தவர், பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்டணும் என்று சொன்ன தீர்ப்பு அது. காஞ்சிபுரம் மாவட்டத்திலும் இந்தத் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் நடந்தன.

மையம் ஒவ்வொன்றும் சின்னது, சுமார் 50 பிள்ளைகள். வேலையிலிருந்து மீட்ட 9 முதல் 14 வயதுக்காரங்க. மதிய உணவு, மருத்துவப் பரிசோதனை, கொஞ்சம் கைத்தொழில், மாசம் ஒரு சிறிய உதவித்தொகை. அது முதலில் 100 ரூபாய், பிறகு 150, பிறகு 400. ஆசிரியர்கள் மதிப்பூதியத்தில் வேலை பார்த்தவங்க. இரண்டு வருஷம் போலப் படிக்க வைத்து, வயசுக்கேற்ற வகுப்பில் வழக்கமான பள்ளியில் சேர்த்துவிடணும். அதுதான் இலக்கு.

இந்த வகுப்பறையை நினைச்சுப் பாருங்க. 13 வயசுக்காரனுக்கு 'அ' தெரியாது. பக்கத்துல 10 வயசுப் பொண்ணு மூணாம் வகுப்பு வரைக்கும் படிச்சு நின்னவ. முகூர்த்த சீசன் வந்து சேலைக்கு ஆர்டர் கூடினா நாலு பேரைக் காணோம். இந்தப் பள்ளியை எந்த மதிப்பெண்ணால் அளப்பீங்க?

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஊர்ல 60 பிள்ளைகள். 40 பேர் வழக்கமான பள்ளியில், 38 பேர் ஆறாம் வகுப்புக்குப் போனாங்க. 95 சதவீதம், பேனர் வைக்கலாம். மீதி 20 பேர் தறியில். அவங்களுக்கு ஒரு சிறப்புப் பள்ளி திறக்கிறோம், 12 பேர் ஆறாம் வகுப்பில் சேர்றாங்க. 60 சதவீதம். அறிக்கையில் இது மோசமான பள்ளி. ஆனா ஊரை மொத்தமாப் பாருங்க. முன்னாடி 60-க்கு 38, அதாவது 63 சதவீதம். இப்போ 60-க்கு 50, 83 சதவீதம். ஊரை 20 புள்ளி நகர்த்தினது அந்த 'மோசமான' பள்ளிதான்.

இதுக்கு நேர் எதிரானதும் நடக்குது. பத்தாம் வகுப்பு வரும்போது தேறமாட்டான்னு தோணுற பையனைக் கூப்பிட்டு, "டிசி வாங்கிக்கோ, தனித்தேர்வரா எழுதிக்கோ" என்கிறது. தொகுதியைக் கூட்ட முடியலைன்னா பகுதியைக் குறைக்கிற வழி. நூறு சதவீதம் வந்துடும், ஒரு பிள்ளைகூடக் கூடுதலாகப் படிச்சிருக்காது.

சிறிய பள்ளி கற்றுக் கொடுத்தது

இந்தக் கதைக்கு ஒரு நல்ல திருப்பம் உண்டு. வேலூர் ஆட்சியராக இருந்த எம்.பி.விஜயகுமார், குழந்தைத் தொழிலாளர் பள்ளிகளுக்கு எது சரிப்படும்னு தேடினவர். அவருக்குக் கிடைச்ச வழி, ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி சுற்றுவட்டாரக் கிராமங்களில் நடத்திய சிறிய ஓராசிரியர் பள்ளிகளின் முறை. பாடத்தை அட்டைகளாகப் பிரிச்சு, ஏணிப்படி மாதிரி அடுக்கி, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறும். பத்து நாள் வராத பிள்ளை திரும்பி வந்தா, விட்ட படியிலிருந்தே தொடரலாம். 13 வயசும் 10 வயசும் ஒரே பாயில் உட்காரலாம். தறிக்குப் போய்வரும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமானது என்ன இருக்கு?

அவர் சென்னை மாநகராட்சி ஆணையரானதும் 2003-ல் 13 பள்ளிகளில் இதைத் தொடங்கினார். 2007-ல் தமிழ்நாடு முழுக்க 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போனது. நம்மில் சில பேருடைய தம்பி தங்கைகள் படிச்ச 'செயல்வழிக் கற்றல்' இதுதான். குறைகளும் சொன்னாங்க: அட்டை கிழிஞ்சா மாற்று வரல, ஆசிரியருக்கு வேலைப் பளு, "புத்தகமே இல்லாம என்ன படிப்பு" என்ற பெற்றோரின் கவலை. ஆனா ஒரு விஷயம் நின்னுடுச்சு. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிச்சாங்க. ஒரே வகுப்பில் இருப்பவங்க ஒரே படியில் இருக்க மாட்டாங்க என்ற அறிவு, பள்ளிக்கு வெளியே நின்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போனபோது வலுப்பட்டது.

2021 ஏப்ரலில் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் சமக்ர சிக்ஷாவோடு இணைக்கப்பட்டது, தனிச் சிறப்புப் பள்ளி என்ற ஏற்பாடு முடிவுக்கு வந்தது. நியாயமும் இருக்கு: 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தப் பிள்ளைகளுக்கு வழக்கமான பள்ளியே சிறப்புப் பயிற்சி தரணும். காஞ்சியில் காலமும் மாறிடுச்சு. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இன்னைக்கு இன்ஜினியரிங் படிக்கிறாங்க, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்குப் போறாங்க. தறிக்குத்தான் ஆள் கிடைக்கலைங்கிறாங்க.

ஆனா 2016 சட்டத் திருத்தம், பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் பிள்ளை குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று இன்னும் இடம் விட்டிருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு மூடின கதவுக்குப் பின்னாடி நடக்கிறது உதவியா வேலையா என்று யார் பார்க்கிறது? அந்தப் பிள்ளை இப்போ பதிவேட்டில் இருக்கு, பெயர் கூப்பிட்டா "உள்ளேன் ஐயா" சொல்லுது, கண்ணுல தூக்கம் இருக்கு.

உங்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். உங்க ஊர்ப் பள்ளியோட ரிசல்ட் வரும்போது, எத்தனை பேர் பாஸ் என்று கேட்டதும், இன்னொண்ணும் கேளுங்க: "ஒன்பதாம் வகுப்பில் இந்த பேட்ச்ல எத்தனை பேர் இருந்தாங்க சார்?" இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஆள் குறைஞ்சிருந்தா, அவங்க இப்போ எங்கே இருக்காங்கன்னு விசாரிங்க. கிடைச்ச பதிலை எங்களுக்கும் எழுதுங்க.