சென்னை வானாய்வகத்தின் வானிலைப் பதிவுகள்

சென்னை வானாய்வகத்தின் வானிலைப் பதிவுகள், இந்தியாவில் கருவிகளைக் கொண்டு எடுக்கப்பட்ட மிகப் பழைய தொடர் பதிவுகளுள் அடங்குவன. காலநிலை மாற்றம் ஒரு வட்டாரத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதை ஆராய, இவை போன்ற நீண்டகால உள்ளூர்த் தரவுகளே அடிப்படையாகும்.

தோற்றம்

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786-இல் எழும்பூரில் தமது சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் அமைத்தார். பின்னர் அதைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அதற்குத் தனிக் கட்டடம் எழுந்தது. கப்பல் பயணத்துக்கும் நில அளவைக்கும் உதவுவதே அதன் நோக்கம். மழையை ஆராய்வது அன்று. ஆயினும் ஜான் கோல்டிங்ஹாம் காலத்தில், 1796 முதல் வெப்பநிலையும் காற்றழுத்தமும் குறிக்கப்பட்டன. சென்னையின் மழையளவு 1813 முதல் கிடைக்கிறது.

1864-இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலும், 1866, 1871 ஆண்டுகளில் பருவமழை பொய்த்ததும் நாடு முழுவதற்குமான பதிவின் தேவையை உணர்த்தின. 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது. வானியல் பணி 1899-இல் கொடைக்கானலுக்கு மாறியது. வானிலைப் பணி நுங்கம்பாக்கத்திலேயே தொடர்ந்தது. பழைய ஆய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் மண்டல வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

வட்டாரத் தரவின் தேவை

இந்தியாவின் பெரும்பகுதி தென்மேற்குப் பருவமழையை நம்பியுள்ளது. தமிழ்நாட்டுக்கோ ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. எனவே அகில இந்தியச் சராசரியை மட்டும் பார்த்தால் தமிழ்நாட்டின் நிலை விளங்காது.

2015 பெருமழை

2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் சுமார் 1,049 மி.மீ. மழை பெய்தது. டிசம்பர் தொடக்கத்தில் மீண்டும் கொட்டிய மழையால் நகரம் மூழ்கியது. 'இதுவரை காணாத மழை' என்று பலரும் கூறினர். பதிவேடோ 1918 நவம்பரில் 1,088 மி.மீ. பெய்ததாகக் காட்டுகிறது. டிசம்பர் மழையை ஆராய்ந்து பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று 2016-இல் வெளியிட்ட கட்டுரை, அதில் புவி வெப்பமாதலின் பங்கு புலப்படவில்லை என்றது. காற்றிலுள்ள மாசுத் துகள்கள் அவ்விளைவை இதுவரை மட்டுப்படுத்தியிருக்கக்கூடும் என்றும் கூறியது. ஆகவே இனி ஆபத்தில்லை என்று இதற்குப் பொருளன்று. எது புதியது, எது முன்பும் நிகழ்ந்தது என்று பிரித்தறியப் பழைய பதிவு வேண்டும் என்பதே பொருள்.

கவனிக்க வேண்டியவை

பழைய எண்களை அப்படியே இன்றைய எண்களோடு ஒப்பிடக் கூடாது. கருவிகளும் அளக்கும் நேரமும் மாறியிருக்கலாம். அன்று நகருக்கு வெளியே தோப்பும் ஏரியுமாக இருந்த நுங்கம்பாக்கம் இன்று கட்டடங்கள் நெருங்கிய நகர மையம். அங்கு உயர்ந்துள்ள வெப்பத்தில் ஒரு பங்கு நகரமயமாதலால் வந்தது. இதனால் ஆய்வாளர்கள் அருகிலுள்ள பிற நிலையங்களின் தரவுகளோடு ஒப்பிட்டுத் திருத்தம் செய்கின்றனர். இந்திய வானிலை ஆய்வுத் துறையும் பல நிலையங்களின் அளவுகளைத் தொகுத்து, சுமார் 25 கி.மீ. கட்டங்களாக 1901 முதலான நாள் மழைத் தரவை உருவாக்கியுள்ளது.

விடுபட்ட ஒரு நாளின் மழையைப் பின்னர் யாராலும் அளக்க முடியாது. 200 ஆண்டுகளுக்கு முன் நாள்தோறும் மானியைப் பார்த்து எழுதியவர்களுக்குக் காலநிலை மாற்றம் என்ற சொல்லே தெரியாது. அவர்கள் எழுதிவைத்ததே இன்று நமக்கு அளவுகோலாக உள்ளது.