காரணம் கேட்கும் உரிமை

குற்றம் செய்தவனைத் தண்டிப்பது அரசின் கடமை. குற்றம் இன்னதென்று விசாரியாமல் ஒருவனைச் சிறையில் இடுவதோ அதிகாரத்தின் அத்துமீறல். பொற்கொல்லன் சொல்லை மட்டும் கேட்டுக் கோவலனைக் கொல்வித்த பாண்டியனின் பிழையைத் தமிழ் மக்கள் இன்றளவும் மறக்கவில்லை. ஆயினும் அம்மன்னனிடத்து ஒரு பெருமையும் உண்டு. நீதி கேட்டு வந்த கண்ணகியை அவன் வாயிலில் தடுக்கவில்லை. அவள் வழக்கைக் கேட்டான். தன் பிழையை உணர்ந்தான். ஆள்வோரிடம் காரணம் கேட்கும் இவ்வுரிமை நம் குடியரசில் கடந்து வந்த பாதையை ஒருவாறு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

விசாரணையின்றிக் காவலில் வைக்கும் வழக்கம் ஆங்கிலேயர் ஆட்சியில் வேரூன்றியது. 1818ஆம் ஆண்டின் வங்காள ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டே 1907இல் லாலா லஜபதி ராய் மாந்தலேக்கு நாடு கடத்தப்பட்டார். 1919இல் வந்த ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடே கொந்தளித்தது. இவ்வளவும் கண்டவர்களே சுதந்திர பாரதத்தின் அரசியல் சட்டத்தை வகுத்தனர். ஆயினும் தடுப்புக் காவலை அவர்கள் அடியோடு ஒழித்தாரில்லை. சட்டம் வகுத்த முறைப்படியன்றி எவருடைய உயிரும் சுதந்திரமும் பறிக்கப்படலாகாது என்றது 21ஆம் ஷரத்து. 22ஆம் ஷரத்தோ தடுப்புக் காவலுக்கு இடம் தந்து, காரணத்தைத் தெரிவிக்க வேண்டும், மறுப்புக் கூற வாய்ப்பளிக்க வேண்டும் என்று சில வரம்புகளையும் விதித்தது.

குடியரசு பிறந்து ஒரு மாதத்துக்கெல்லாம், 1950 பிப்ரவரியில், தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறிற்று. 1947 டிசம்பர் முதல் சிறையில் இருந்துவந்த கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன் மீது மார்ச் 1 அன்று புதிய சட்டத்தின் கீழ் உத்தரவு பிறந்தது. அவர் சுப்ரீம் கோர்ட்டை அணுகினார். சட்டம் வகுத்த முறை என்றால் சட்டசபை எழுதியது எதுவாயினும் போதுமா? அன்றி, அம்முறை நியாயமானதாகவும் இருத்தல் வேண்டுமா? இதுவே வழக்கின் உயிர்நிலை.

ஆறு நீதிபதிகள் கேட்ட அவ்வழக்கில் 1950 மே 19 அன்று தீர்ப்பு வெளியாயிற்று. எழுதிய சட்டமே போதும் என்றனர் பெரும்பான்மையோர். பிரதம நீதிபதி கனியாவும், சென்னையில் வக்கீல் தொழில் நடத்தி உயர்ந்த பதஞ்சலி சாஸ்திரியாரும் அவர்களுள் அடங்குவர். பஸல் அலி மாறுபட்டார். முன்னறிவிப்பு, தன் தரப்பைக் கூற வாய்ப்பு, நடுநிலையான மன்றம், ஒழுங்கான விசாரணை ஆகிய நான்கும் இன்றியமையாதவை என்பது அவர் கருத்து. எனினும் ஒன்றில் நீதிபதிகள் அனைவரும் உடன்பட்டனர். காவலின் காரணங்களைக் கோர்ட்டுக்கும் வெளியிடலாகாது என்ற 14ஆம் பிரிவு செல்லாது என்றனர்.

பஸல் அலி கூறிய நான்கும் ரயில்வே சிப்பந்திகளாகிய நமக்குப் புதியவை அல்ல. ஒரு கலாசியை வேலையிலிருந்து நீக்குவதாயினும் சார்ஜ் ஷீட் கொடுத்து, விளக்கம் கேட்டு, விசாரணை நடத்துவதே முறை. சில விலக்குகள் நீங்கலாக, 311ஆம் ஷரத்தே இதனை வலியுறுத்துகிறது. ஒருவன் வேலையைப் பறிப்பதற்கு வேண்டிய நியாயம், அவனையே சிறையில் அடைப்பதற்கு வேண்டாவோ?

இக்கேள்வியை அலட்சியம் செய்ததன் விளைவு பின்னர்த் தெரிந்தது. 1971இல் 'மிசா' சட்டம் வந்தது. 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் பலர் சிறை புகுந்தனர். 1975 ஜூன் 25 அன்று அவசரநிலை பிரகடனமாயிற்று. இரு தினங்களில், 14, 21, 22ஆம் ஷரத்துக்களின்படி கோர்ட்டை நாடும் உரிமையை ஜனாதிபதியின் உத்தரவு நிறுத்தி வைத்தது. 1976 ஜனவரி 31 அன்று தமிழக மந்திரிசபை நீக்கப்பட்ட பின், 'மிசா' தமிழ்நாட்டின் பட்டிதொட்டியெங்கும் தெரிந்த சொல்லாயிற்று.

காவல் சட்டப்படியானதா என்று தாங்கள் ஆராயலாம் என ஒன்பது ஹைக்கோர்ட்டுகள் கூறின. சுப்ரீம் கோர்ட்டில் அவ்வழக்கு நடந்தபோது, போலீஸ் அதிகாரி ஒருவர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றாலும் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச். ஆர். கன்னா வினவினார். அவசரநிலை நீடிக்கும்வரை இல்லை என்பதே அட்டர்னி ஜெனரலின் விடையாயிற்று. 1976 ஏப்ரல் 28 அன்று நால்வர் சர்க்கார் பக்கம் தீர்ப்பளித்தனர்; கன்னா ஒருவரே மறுத்தார். அடுத்த ஜனவரியில் பிரதம நீதிபதி பதவி அவரைத் தாண்டி அவருக்கு இளையவரிடம் சென்றது. அவர் ராஜிநாமாச் செய்தார்.

ஆனால் மாறுபட்ட அவ்விரு தீர்ப்புகளும் வீணாகவில்லை. பின்னர் 'மிசா' ஒழிந்தது. 1978 ஜனவரி 25 அன்று, மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில், சட்டம் வகுக்கும் முறை நியாயமானதாக இருத்தல் வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டே கூறிற்று. அவ்வாண்டின் 44ஆவது திருத்தம், அவசரநிலையிலும் 21ஆம் ஷரத்தை நிறுத்தி வைக்க இயலாதபடி செய்தது. 2017 ஆகஸ்டு 24 அன்று, ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு தவறென்று தள்ளிற்று.

இதனால் கவலை ஒழிந்தது என்று எவரும் எண்ண வேண்டா. 22ஆம் ஷரத்து இன்றும் உள்ளது. 1980ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்கு விசாரணையின்றி ஒருவரை 12 மாதம் வரை காவலில் வைக்கலாம்.

வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழும் நாம் இன்னொன்றையும் அறிந்திருத்தல் நன்று. இந்தி மட்டுமே அறிந்த ஒருவருக்குக் காவலின் காரணங்களை ஆங்கிலத்தில் எழுதித் தந்து, வாய்மொழியாக விளக்கியது போதாதென்று 1962இல் சுப்ரீம் கோர்ட்டு அவரை விடுவித்தது. காவலில் உள்ளவருக்கு விளங்கும் மொழியில் காரணங்கள் அமைதல் வேண்டும் என்பது அதன் கருத்து. காரணம் தெரிந்தால் அன்றோ மறுப்புக் கூற இயலும்? நம் குழந்தைகளுக்குப் பாட்டும் கூத்தும் பயிற்றும் நம் சங்கம், இவ்வரலாற்றையும் பயிற்றுமாயின், தமிழுக்குச் செய்யும் தொண்டோடு நாட்டுக்குச் செய்யும் தொண்டும் ஆகும்.